ஆறு கவர், நாலு ஓட்டு

…சின்னக் கவருக்குள்தான், சந்தேகமே இல்லை, வாக்குச்சீட்டை நாலாக மடித்து, அந்த உறுதிமொழித் தாளையும் அதே அளவுக்கு மடித்து, இரண்டையும் சேர்த்துச் சின்னக் கவருக்குள் வைத்து, பசை தடவி, ஓரத்தை நகத்தால் ஒரு முறை நீவி, அதைப் பெரிய கவருக்குள் போட்டு, மறுபடி பசை, மறுபடி நகம்… ஆனால் டிவியில் இந்தப் பெண் என்ன சொல்கிறாள், இரண்டு வெற்றுக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜிக் செய்கிறவள் மாதிரி காட்டுகிறாளே, உறுதிமொழித் தாள் சின்னக் கவருக்கு வெளியே இருக்க வேண்டுமாம், பெரிய கவரைப் பிரித்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட வேண்டுமாம், படவில்லை என்றால் சின்னக் கவரைப் பிரிக்கவே மாட்டார்களாம், அப்படியே ஓரமாக வைத்து 'செல்லாது' என்று எழுதிவிடுவார்களாம். சங்கமித்ரா பஞ்சைக் கடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு இடது பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் வைத்த பஞ்சு, மரத்துப்போன கன்னம், மரத்துப்போன உதடு, பாதி நாக்கு. இருபத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் வாய், காக்ஸ் டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பச்சை நாற்காலியில் ஊமையாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் பிரசன்னா அவளிடம் படித்தவன்தான், பிரீ போர்டு பரீட்சையில் முப்பத்தொன்று மார்க் போட்டிருக்கிறாள் அவனுக்கு, இன்று குறடோடு குனிந்தபோது அந்த முப்பத்தொன்று இருவருக்குமே ஞாபகம் வந்தது. பிடுங்கி முடித்துவிட்டு, "டீச்சர், பஞ்ச நல்லா கடிச்சுட்டு வெளிய உக்காருங்க. பேசக்கூடாது. யாரத் திட்டணும்னு தோணுனாலும் சரி, பேசக்கூடாது" என்றான். எத்தனை வருஷம் காத்திருந்தானோ இதைச் சொல்ல.

டிவியின் அடியில் ஓடும் கன்னட வரியில் தொகுதியின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'முன்னடெ', முன்னிலை, அதற்குப் பக்கத்தில் 4. முதலில் நாலாயிரத்தில் மூன்று பூஜ்யத்தை மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள், பிள்ளைகள் செய்கிற தப்பு. இல்லை, நாலேதான். சீப்புச் சின்னக்காரர் நாலு ஓட்டு முன்னால், குடைச் சின்னக் கிருஷ்ணம்மாள் நாலு ஓட்டு பின்னால். சீப்புக்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, அதைப் பற்றித் தொகுதியில் யாரும் சிரிப்பதில்லை, பத்து வருஷ எம்.எல்.ஏ., பழகிவிட்டது. போன தடவை கிருஷ்ணம்மாளைப் பதினோராயிரம் ஓட்டில் தோற்கடித்தவர். இந்தத் தடவை அந்தப் பதினோராயிரத்தையும் அந்த அம்மா தெருத் தெருவாக நடந்து தின்றுவிட்டு, கடைசி நாலு ஓட்டில் வந்து நின்றுவிட்டாள்… தபால் ஓட்டில் செல்லாதது முப்பத்தெட்டாம். வித்தியாசம் நாலு, செல்லாதது அதைவிட அதிகம், அதனால் செல்லாத கவர்களை எல்லாம் மறுபடி ஒரு தடவை பார்க்கிறார்களாம், அதற்குப் பிறகுதான் முடிவு. முப்பத்தெட்டில் ஆறு நம்முடையது. நம்முடையது இல்லை, என்னுடையது.

ஏப்ரலில் எலெக்‌ஷன் டியூட்டி டிரெயினிங் நடந்த ஹால். வேறு எங்கோ பூத்தில் உட்காரப் போகிறவர்கள் தங்கள் ஓட்டை முன்கூட்டியே தபால் சீட்டில் போட்டுவிட வேண்டும், அங்கேயே பெட்டி, அங்கேயே கையெழுத்துப் போட ஓர் அதிகாரி, எப்படிக் கவரில் வைப்பது என்று சுவரில் ஒரு படம், அந்தப் படத்துக்கு முன்னால் டீ டிரம். டீ டிரம்மை நகர்த்தியிருந்தால் போதும். யார் நகர்த்துவார்கள், முந்நூறு வாத்தியார்கள், பதினோரு மணி. அவள் பள்ளியிலிருந்து போனவர்களில் ஆறு பேருக்கு இந்தத் தொகுதி. ஹெட்மாஸ்டர் வைத்தீஸ்வரன், கன்னடம் எடுக்கும் சுப்ரியா, சயின்ஸ் ஃபாத்திமா, கம்ப்யூட்டர் தேஜஸ், பி.டி. மாஸ்டர் லாயிட், அவள். மற்றவர்களுக்கு வேறு தொகுதிகள், அவர்களும் அவளைப் பார்த்துத்தான் ஒட்டினார்கள், ஆனால் அங்கெல்லாம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் வித்தியாசம், அங்கே அவள் செய்த தப்பு தசம ஸ்தானத்தில் கரைந்துவிடும். இங்கே கரையவில்லை. ஹெட்மாஸ்டர்தான் முதலில் கேட்டார், "சங்கமித்ரா, இந்தத் தாள எங்கம்மா வெக்கணும்?" அவள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லையே, அதுதான் இப்போது பஞ்சையும் மீறி வாயில் உப்புக் கரிக்கிறது. பப்ளிக் பரீட்சையில் விடைத்தாள் கட்டினால் வருகைச் சீட்டு தாள்களோடு சேர்ந்து உள்ளேதான் போகும், கட்டு வேறு, சீட்டு வேறு என்று ஆகிவிடக் கூடாது, இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கட்டிய ஒரு கட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. "உள்ள சார். ஓட்டோட. பிரிஞ்சு போச்சுன்னா யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தானே ரெண்டு கவர், மக்கு, மக்கு… பரீட்சைத் தாளில் யாருடையது என்பதுதான் முக்கியம், ஓட்டில் யாருடையது என்பதுதான் ரகசியம், இதை ஒன்பதாம் வகுப்பு சிவிக்ஸ் பிள்ளையைக் கேட்டால் சொல்லும்.

லாயிட் சரியாக வைத்திருந்தார். அதுதான் நெஞ்சில் குத்துகிறது, பிடுங்கிய பல்லைவிட அதுதான். லாயிட் எப்போதும் எதையும் படித்துப் பார்க்காத மனிதர், அன்று மட்டும் என்னவோ கவரின் பின்னால் அச்சடித்திருந்த பொடி எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் படித்து, தாளை வெளியே வைத்து, பெரிய கவரை ஒட்டியும்விட்டார். "மேடம், இதுல ஏ, பி, சின்னு ஏதோ போட்டிருக்கே, பேப்பர் வெளிய இருக்கணும் போல" என்றார். அவள் என்ன சொன்னாள்? "ஏ, பி, சி எல்லாம் எல்.கே.ஜி.ல பாத்துக்கலாம் லாயிட், குடுங்க இங்க." பசை இன்னும் ஈரம். அவள் கையாலேயே பிரித்தாள், பெரியதைப் பிரித்து, சின்னதையும் பிரித்து, ஓட்டைப் பார்க்காமல், ஆமாம் பார்க்கவில்லை, அந்த ஒழுங்கெல்லாம் அவளுக்கு உண்டு, தாளை உள்ளே தள்ளி, அவள் நகத்தாலேயே நீவி அவரிடம் நீட்டினாள். லாயிட் இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க்யூ மேடம்" என்று பெட்டியில் போட்டார். நல்ல ஓட்டு ஒன்றைச் செல்லாத ஓட்டாக்கி, அதற்கு நன்றியும் வாங்கியவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?

"முப்பத்தெட்டு பேரு மேடம், பாத்தீங்களா?" பக்கத்து நாற்காலிக்காரர். மேல்வரிசைப் பல் முழுக்க எடுத்துவிட்டு செட்டுக்காகக் காத்திருக்கும் வின்சென்ட் என்கிற ரிட்டயர்ட் ஃபிட்டர், வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. ஒரு பல் இல்லாதவள் பேச முடியாமலும் பதினாறு பல் இல்லாதவர் நிறுத்த முடியாமலும் அருகருகே. "எல்லாம் படிச்சவங்க, கவர்மென்ட் சம்பளம். ஒரு கவர் ஒட்டத் தெரியல. எங்க ஷாப்ல ஏழாங்கிளாஸ் ஃபெயிலானவன்கூட டிராயிங்க பாக்காம நட்டுல கை வெக்க மாட்டான், தெரியுமா? இதுங்க நம்ம மக்களுக்குப் பாடம் வேற நடத்துதுங்க. பாவம் அந்த அம்மா, என்னா நடை நடந்துச்சு இந்த வெயில்ல! நம்ம கோலார் பக்கத்து அம்மாதான் அது, கோல்ட் ஃபீல்டு, எனக்குத் தெரியும்." ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த மோனிகா தலையைத் தூக்காமல், "அங்கிள், ஸ்வல்ப மெதுவா. அவங்களே டீச்சர்தான்" என்றாள். வின்சென்ட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஒங்கள சொல்லல மேடம்! ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. ஒங்கள மாதிரி ஒருத்தங்க அங்க கூட இருந்து சொல்லிக் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா, சொல்லுங்க?" சங்கமித்ரா, "ஊம்" என்றாள். பஞ்சு வழியாக வேறு என்ன வரும்?

சரி, எண்ணிப் பார்ப்போம், கணக்கு டீச்சர் எண்ணாமல் யார் எண்ணுவார்கள். நாலு ஓட்டுப் பள்ளம். ஆறு ஓட்டு. ஆறும் குடைக்கு என்றால் கிருஷ்ணம்மாள் ரெண்டு ஓட்டில் ஜெயம். அஞ்சு குடை, ஒன்று சீப்பு என்றாலும், நாலு குடை, ரெண்டு நோட்டா என்றாலும் சமம், சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அஞ்சு குடை, ஒன்று நோட்டா என்றால் ஒரே ஓட்டில் ஜெயம். நாலு குடை, ஒன்று சீப்பு, ஒன்று நோட்டா என்றால் ஒரே ஓட்டில் தோல்வி. மற்றதெல்லாம் தோல்விதான், அவள் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும். இதில் அவள் ஓட்டு குடை, அது நிச்சயம். ஏன் என்றால்… பிரசாரத்தின்போது கிருஷ்ணம்மாள் வாசலில் வந்து நின்றாள், கூட்டமெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு நின்றபடியே குடித்துவிட்டு, "டீச்சர், வீட்டுக்கு வீடு அஞ்சு ஓட்டு, ஆறு ஓட்டுன்னு சொல்றாங்க, யாரு போடறாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க ஒண்ணு போதும்" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். மூணாவது தடவை நிற்கிறவளுக்கு இருக்கும் அசதி அது, பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. ஒங்க ஒண்ணு போதும். அந்த ஒன்றும் போயிற்று, அதோடு இன்னும் அஞ்சும்.

ஹெட்மாஸ்டர் சீப்பு, எழுதி வைத்துக்கொள்ளலாம், தினம் பள்ளி அசெம்பிளி முடிந்ததும் சீப்புக்காரர் போட்ட ரோட்டைப் பற்றிப் பேசுவார்… ஆனால் அவர் மாமியாரின் விதவைப் பென்ஷன் மூணு வருஷம் நின்றுபோனதை ஆபீஸ் ஆபீஸாக ஏறி வாங்கிக் கொடுத்தது கிருஷ்ணம்மாள் இல்லையா, அந்த மாமியார் வீட்டில் இருக்கும்வரை அவருக்குச் சீப்பு ஏது? ஃபாத்திமா குடை, எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், நினைப்பார்கள் என்றால் அவளும்தான் நினைத்தாள், ஏன் அப்படி நினைத்தாள், பேரை வைத்துத்தானே? ஃபாத்திமாவின் அண்ணன் சீப்புக் கட்சியில் வார்டு செயலாளர், பக்ரீத் அன்று பிரியாணி அவர் வீட்டிலிருந்துதான் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது, நாமே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோமே. தேஜஸ் நோட்டா, அதை அவன் டி ஷர்ட்டில்தான் எழுதவில்லை, 'ஆல் ஆர் சேம், மேம்' என்பான், ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் பூத்துக்குள் போனதும் அப்பா சொன்னதைப் போட்டுவிட்டு வருவதும் உண்டு. சுப்ரியா, புருஷன் எதற்குப் போடுகிறானோ அதற்கு எதிராக, கல்யாணமான நாள் முதல் அதுதான் அவள் கொள்கை, ஆனால் புருஷன் இந்தத் தடவை எதற்குப் போட்டான்? லாயிட்… லாயிடுக்குக் கிரவுண்டில் லைட் போட்டுக் கொடுத்தது சீப்புக்காரர். அதனால் லாயிட் சீப்பு. ஹெட்மாஸ்டர் சீப்பு, லாயிட் சீப்பு, ஃபாத்திமா சீப்பு, மூணு. சுப்ரியா குடை, அவள் குடை, தேஜஸ்கூடக் குடை என்றே வைத்துக்கொள்ளலாம், மூணு. மூணுக்கு மூணு, அடிபட்டுப் போகிறது, வித்தியாசம் அதே நாலு, ஒருவருக்கும் நஷ்டமில்லை. அப்பாடா என்று பஞ்சுக்குள் மூச்சு விட்டாள். அப்புறம்தான் உறைத்தது, சற்று முன் ஹெட்மாஸ்டரைக் குடைக்கு மாற்றினோமே, எந்த நேரத்தில் அவரைத் திருப்பிச் சீப்புக்குக் கொண்டு வந்தோம்? தேஜஸின் நோட்டாவை யாரைக் கேட்டு எடுத்தோம்? ஒரு டிரம் டீயைத் தாண்டிப் போகச் சோம்பல்பட்டவள், இப்போது தன் தலைக்குள் ஒரு பூத்தை வைத்து உட்கார்ந்து கள்ள ஓட்டுக் குத்துகிறாள். தன் மனசு ஆறுவதற்காக அஞ்சு பேர் கையைப் பிடித்து அமுக்குகிறாள்.

அப்பா வேலை செய்த கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன், ஏறி வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும், ஒரு கொக்கி காலியாக இருந்தால் உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று ஷிஃப்டு முழுக்க வீட்டுக்குப் போகாமல் நிற்கும். ஒருநாள் காலியாக இருந்த கொக்கி அப்பாவுடையது, சங்கமித்ராவின் அம்மா மூணு மணி நேரம் கேட்டில் நின்றாள், டோக்கன் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கிவிட்டிருந்தார். மறுநாள் ஷிஃப்டில் எல்லோர் முன்னாலும் போய், தப்பு என்னுது என்று சொன்னாராம். ஒன்றும் செய்யவில்லையாம் யாரும், ஒரு வாரம் கிண்டல் செய்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான்… நானூறு பேர் முன்னால் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது, அந்த அஞ்சு பேருக்காக ஸ்டாஃப் குரூப்பில் ஒரு வரி அடிக்க முடியாதா? விரலுக்கு யாரும் ஊசி போடவில்லையே. போனை எடுத்தாள். 'அந்தத் தாள் விஷயத்தில் நான்' என்று அடித்தாள். அழித்தாள். 'நம் ஆறு பேர் ஓட்டும்' என்று அடித்தாள். 'நம்' என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு சாமர்த்தியமான எழுத்து, அதையும் அழித்தாள்.

டிவியில் கோட் போட்ட ஒருவர் ஸ்கிரீனில் அம்பு வரைந்துகொண்டிருந்தார். இந்தத் தொகுதியில் குடைக்கு ஏழு சதவீத ஸ்விங், கடைசி நிமிஷத்தில் அது நின்றுபோனதற்கு மூன்று காரணம், நடுத்தர வர்க்கத்தின் மனநிலை, இளைஞர்களின் மௌனம், ஒரு சமூகத்தின் ஓட்டு பிரிந்தது. பசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிறகு காட்சி மாறியது, எண்ணும் இடத்தின் வாசல், கூட்டம், அதிகாரி ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார், முப்பத்தெட்டும் மறுபடி பார்க்கப்பட்டன, முப்பத்தெட்டும் செல்லாதவையே, நாலு ஓட்டு வித்தியாசத்தில்… பட்டாசு. சின்னக் கவர்களைப் பிரிக்கவில்லை, விதி அப்படி, முத்திரை வைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்களாம், பிறகு ஒருநாள் அழித்துவிடுவார்களாம். அப்படியானால் அந்த ஆறு ஓட்டையும் எண்ணிய ஒரே ஆள் அவள்தான், அதையும் ஒழுங்காக எண்ணவில்லை. கிருஷ்ணம்மாள் மைக்குகளுக்கு நடுவே நின்றாள், யாரோ நிஜக் குடை ஒன்றை அவள் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள், வெயிலுக்காகவா கட்சிக்காகவா தெரியவில்லை. கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழ் நிருபர் ஒருவர் கேட்டதும் இந்தப் பக்கம் திரும்பினாள். "நாலு ஓட்டுதாங்க. யாரு மேலயும் வருத்தம் இல்ல. நான்தான் இன்னும் ரெண்டு தெரு நடந்திருக்கணும்." வின்சென்ட் பல்லில்லாத வாயால் உச்சுக் கொட்டினார். சங்கமித்ரா தரையைப் பார்த்தாள். ரெண்டு தெரு இல்லை அம்மா. ஒரு டீ டிரம்.

போன் அதிர்ந்தது. சுப்ரியா. எடுக்கக் கூடாது என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டாள். "மேடம், நியூஸ் பாத்தீங்களா? நாலே ஓட்டு! ஸ்டாஃப் குரூப்ல ஒரே கலாட்டா. ஹெச்.எம். கேக்கறாரு, நம்ம கவரெல்லாம் கரெக்டா ஒட்டினோமான்னு. அதுக்கு நம்ம லாயிட் சார் என்ன போட்டிருக்காரு தெரியுமா? இருங்க படிக்கறேன்… 'நோ சான்ஸ் சார். நானே தப்பா வெச்சேன், சங்கமித்ரா மேடம்தான் பிரிச்சு சரி பண்ணிக் குடுத்தாங்க. நம்மது ஆறும் எண்ணியிருப்பாங்க.' நானும் அதத்தான் சொன்னேன். நம்மது சரிதானே மேடம்?" ஒரு ஆட்டோ ஹார்ன், சுப்ரியா வீட்டு மிக்ஸி, கோட் போட்டவரின் அம்பு, எல்லாம் ஒரு நொடி நின்று காத்திருந்தன. சங்கமித்ரா, "ஊம்" என்றாள். "அய்யோ, பல்லு புடுங்கிட்டாங்களா? மறந்தே போச்சு. பேசாதீங்க, பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க. நான் குரூப்ல போட்டுடறேன், மேடம் கன்ஃபர்ம் பண்ணிட்டாங்கன்னு." வைத்துவிட்டாள். லாயிடின் ஓட்டைச் சீப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மோனிகா ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். "மேடம், பஞ்ச துப்பிடுங்க. ரெண்டு மணி நேரமாச்சு, டாக்டர் அப்பவே துப்பச் சொல்லியிருப்பாரே. இன்னுமா மரமரன்னு இருக்கு?" சங்கமித்ரா துப்பினாள். பஞ்சு வெளுத்துக் காய்ந்து கிடந்தது, ரத்தம் நின்று வெகு நேரமாகியிருக்க வேண்டும். உதட்டை விரலால் கிள்ளிப் பார்த்தாள், சுரீரென்றது. கன்னத்தை அழுத்தினாள், அதுவும். நாக்கை மேலண்ணத்தில் வைத்து எடுத்தாள், எல்லா எழுத்துக்கும் தயாராக இருந்தது. எப்போது திரும்பி வந்தது இது? போன் வந்தபோதே இருந்ததா, வின்சென்ட் கேட்டபோதேவா? அவர்தான் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம், ஏதோ சொல்ல வந்தீங்க போல?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் சங்கமித்ரா. ஓர் எழுத்துக்கூடப் பிசிறவில்லை.